தேவ நடத்துதல்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபில்

தேவ நடத்துதல் என்பது, தொழில், விவாகம், ஊழியம், நோய், இடப்பெயர்வு முதலிய காரியங்களில் ஒரு விசுவாசி செய்யத்தக்கது இன்னதென்பதைக் கடவுள் தமக்குரிய வழிகளால் அவனுக்கு உணர்த்துகிறார் என்னும் நம்பிக்கையையும், அவ்வுணர்த்துதலைத் தன் மனத்தின் சொந்த விருப்பத்தினின்று பிரித்தறியும் பயிற்சியையும் ஒருங்கே குறிப்பதாகும். கிறிஸ்தவம் பரவிய தேசங்கள் யாவற்றிலும் இது காணப்படுவதாயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது தனக்கெனவொரு சரித்திரமும் சுபாவமும் பெற்று வளர்ந்தது. கத்தோலிக்கர் இதனை இறைசித்தம் என்றும் அழைத்தல் என்றும் வழங்க, சீர்திருத்த சபையார் நடத்துதல் என்றும், பாரம் என்றும், வாக்குத்தத்தம் என்றும் வழங்குவர். இரு சாராரிடத்தும் ஆழ்ந்து நின்ற கொள்கை ஒன்றுண்டு. தனியொருவனுடைய உள்ளத்தில் எழும் ஏவுதல், அவன் பொறுமையாலும், கடமையாலும், சபையின் விசாரணையாலும் சோதிக்கப்பட்ட பின்னரே நடத்துதல் எனப் பெயர் பெறத்தக்கது என்பதே அது. இக்கொள்கை எவ்வாறு உருவாயிற்று, எங்கே மேன்மை பெற்றது, எங்கே தவறிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிறிஸ்தவம் வந்தபோது இந்நிலம் வெறுநிலமாக இருக்கவில்லை. திருவருள் உயிர்களைப் பக்குவம் நோக்கி வழிநடத்தும் என்னும் சைவ சித்தாந்த உணர்ச்சி கல்லாதார் நாவிலும் பயின்றிருந்தது. பஞ்சாங்கம் பார்த்து நாள் வைத்தலும், சாதகப் பொருத்தம் நோக்குதலும், சாத்திரியாரிடம் கேட்டலும் இல்வாழ்க்கையின் அங்கங்களாக இருந்தன. ஆதலால் புதிய சமயத்தைத் தழுவியவன், கடவுள் மனிதனை நடத்துகிறார் என்பதைப் புதிதாகக் கற்கவேண்டியவனாயிருக்கவில்லை; எவ்வழியால் நடத்துகிறார் என்பதையே புதிதாகக் கற்க வேண்டியவனானான். 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றோரைச் சங்கிலி மன்னன் கொல்வித்ததும், 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியதும், அதன்பின் ஊரூராக மக்கள் திருமுழுக்குப் பெற்றதும் சரித்திரத்தில் விரிவாகக் கூறப்படுவன. ஆயினும் அக்கால விசுவாசிகளின் அகவாழ்வைக் குறித்து நமக்கு எட்டியவை மிகச் சிலவே.

அகவாழ்வு தெளிவாகத் துலங்கத் தொடங்குவது துன்பகாலத்திலேதான். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்த பின்னர், குருக்களின்றி இருந்த அம்மக்களிடம் வந்தவர், 1651இல் கோவாவிற் பிறந்த யோசேவ் வாஸ் முனிவர். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்ற நாள் முதலாக அவர் உள்ளம் இங்கே ஈர்க்கப்பட்டிருந்தும், மேலதிகாரிகள் கன்னட நாட்டுக்குச் செல்லும்படி பணித்தபோது அவர் மறுக்கவில்லை. சில ஆண்டுகள் அங்கே உழைத்து, கோவாவுக்குத் திரும்பிக் குருக்களின் சங்கமொன்றை உருவாக்கி, அதன் பின்பே புறப்பட்டார். தன் ஆசை தெய்வத்தினுடையதாயின் அது காத்திருப்பினால் அழியாது என்னும் உறுதியன்றி இப்பொறுமைக்கு வேறு காரணம் கூறுதல் அரிது. 1687இல் கூலியாளின் கோலத்தில் இத்தீவில் இறங்கி, வயிற்றுக்கடுப்பினால் நலிந்து, யாழ்ப்பாணத்தை அடைந்த அவர், விசுவாசிகளைக் கண்டுபிடித்த விதம் இவ்விஷயத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதனைக் கண்டவருள் எவர் முகம் மாறுகின்றது, எவர் கண் அதன்மேல் நிலைக்கின்றது என்று அவர் நோக்கினார். வானத்தினின்று அடையாளம் கேட்டு அவர் முழங்காலில் மாத்திரம் நிற்கவில்லை. ஜெபித்தவர் தாமே தெருவில் இறங்கி, மனிதருடைய முகங்களில் விடையைத் தேடினார். அவ்விதமாக வந்தடைந்த சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கர் பிடிபட்ட பின்னர், தாம் அங்கே இருத்தல் மக்களுக்கு ஆபத்தை விளைவிக்கும் என உணர்ந்து அவர் புத்தளம் நோக்கிச் சென்றார். பின்னர் கண்டி இராச்சியத்திற் பணிசெய்து 1711இல் அங்கே மரித்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் முனிவரிடத்திற் காணப்படும் இவ்விவேகம், ஐரோப்பாவில் அதற்கு முன்னரே முறைப்படுத்தப்பட்டிருந்த ஒரு கலையோடு ஒத்திசைவது. 1521இல் பம்ப்லோனாக் கோட்டையிற் குண்டுபட்டுப் படுக்கையிற் கிடந்த இஞ்ஞாசியார், வீரக்கதைகளை எண்ணும்போது உண்டாகும் மகிழ்ச்சி விரைவில் வறண்டுபோதலையும், புனிதர் சரிதங்களை எண்ணும்போது உண்டாகும் மகிழ்ச்சி நிலைத்து நிற்றலையும் கவனித்து, உள்ளத்தின் அசைவுகளைத் தரம்பிரிக்கும் விதிகளை வகுத்தார். 1548இல் அச்சேறிய அவருடைய தியானப் பயிற்சி நூல் கத்தோலிக்க உலகெங்கும் பரவியது. அவர் தோழரான சவேரியார் தமிழ்க் கடற்கரையில் உழைத்தவராதலால், அப்பயிற்சியின் வாசனை இங்கே வெகு முன்னரே வீசியது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சரித்திரம் மசச்சூசெற்ஸில் ஒரு வைக்கோற்போரின் அடியில் தொடங்குகின்றது. 1806ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், திறந்தவெளியில் ஜெபித்துக்கொண்டிருக்கையில் இடியும் மழையும் வர, வைக்கோற்போரின் அருகே ஒதுங்கி, ஆசியா கண்டத்திற்குச் சுவிசேஷத்தைக் கொண்டுசெல்லுதல் தங்கள் கடமையென்று பேசி ஜெபித்தார்கள். அவ்வைவருள் ஒருவர் ஜேம்ஸ் றிச்சட்ஸ். அவரே 1816இல் டானியேல் பூவர், மெய்க்ஸ், வாறன் ஆகியோரோடு இலங்கையை அடைந்து, வட்டுக்கோட்டையிற் பணியைத் தொடங்கி, 1822இல் தெல்லிப்பழையில் மரித்தவர். அன்று அவ்வெளியிற் பேசிய இளைஞனுக்கு இப்பனங்காட்டுத் தேசத்தின் பெயர்தானும் தெரிந்திருக்க நியாயமில்லை. பொதுவாக உணர்த்தப்பட்ட ஒரு கடமை, பத்து ஆண்டுகளின் பின்னர்க் குறித்த ஓரிடமாக உருக்கொண்டது.

இடத்தைக் குறித்துக் கொடுத்ததோ, மூடிய கதவு ஒன்று. சாமுவேல் நியுவெல் என்பவரும் அவர் மனைவி ஹரியற்றும் 1812இல் கல்கத்தாவை அடைந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களை அங்கே தங்க விடவில்லை. மொரீசியசுத் தீவுக்குச் சென்ற வழியிற் குழந்தையையும், அத்தீவில் 1812 நவம்பர் 30ஆம் நாள் மனைவியையும் இழந்து, தனியனாக 1813இல் இலங்கைக்கு வந்த நியுவெல், யாழ்ப்பாணத்தைப் பார்வையிட்டு அது மிஷன் பணிக்கு ஏற்றதென்று தாய்நாட்டுச் சங்கத்தாருக்கு எழுதினார். பிற்கால மிஷன் சரித்திரங்கள் இதனைத் தெய்வ ஏற்பாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் வழக்கம். பத்தொன்பது வயதிலே மரித்த ஒரு பெண்ணின் மரணத்தை அவ்வளவு விரைவாகக் கடந்துபோதல் தகாது. நியுவெல் தாமும் அத்துயரத்தை ஏற்பாடென்று பெயரிட்டு அடக்கிவிடாமல், அத்துயரத்தோடேயே அடுத்த கடமையைச் செய்தார் என்பதே அவரிடத்து நாம் கற்கத்தக்கது.

இம்மிஷனுக்கு வந்த வேறு இருவருடைய அழைப்பின் வரலாறுகள் இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் நெடுங்காலம் சொல்லப்பட்டவை. நியூயோர்க்கில் வைத்தியராயிருந்த ஜோன் ஸ்கடர், நோயாளி ஒருவரின் வீட்டிற் காத்திருக்கையில், நியுவெலும் கோர்டன் ஹோலும் உலக மக்களின் இரட்சிப்பைக் குறித்து எழுதிய சிறு புத்தகமொன்றை எடுத்து வாசித்தார். அவ்வாசிப்பின் பயனாக, பெருகிவந்த தம் தொழிலை விட்டு 1819இற் புறப்பட்டுப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எலைசா அக்னியு என்னும் அம்மையாரோ, எட்டு வயதுச் சிறுமியாய்ப் பூமிசாஸ்திர வகுப்பிலே தேசப்படத்தில் இலங்கையைக் கண்டபோது மிஷனெறியாவதென்று தீர்மானித்தவர். ஆயினும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை இருந்தமையால், அவர்கள் மறையும்வரை காத்திருந்து, முப்பது வயதைக் கடந்தபின் 1840இல் உடுவிலுக்கு வந்து, நாற்பது ஆண்டுகளளவு பெண்கல்வியிலே தம்மை அர்ப்பணித்து, ஆயிரம் பெண்களுக்குத் தாய் எனப் போற்றப்பட்டார். நோயாளி வீட்டு மேசை, பள்ளிக்கூடத்துத் தேசப்படம் என்னும் இவற்றினும் சாதாரணமான கருவிகள் வேறில்லை. இவ்விருவருள் அம்மையாரின் வரலாறே எனக்கு அதிக கனமுடையதாகத் தோன்றுகிறது. அழைப்பின் பெயரால் வீட்டுக் கடமையை உதறிச் செல்வோர் எக்காலத்திலும் உளர்; அக்கடமையையே அழைப்பின் முற்பகுதியாக ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேற் காத்திருப்போர் அரியர்.

1824இல் மிஷன் நிலையங்களில் எழுந்த எழுப்புதல், நடத்துதலைச் சோதித்தறியும் மரபுக்கு ஒரு திருப்புமுனையாக அமைந்தது. தெல்லிப்பழையிலே தொடங்கி உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய் எனப் பரவிய அவ்வேகத்தில், விடுதி மாணவர் இரவிற் படுக்கையை விட்டுத் தோட்டத்துக்குச் சென்று தனித்தனியே அழுது ஜெபித்தனர். இத்தகைய உணர்ச்சிப் பெருக்கைக் கண்ட மிஷனெறிமார் மகிழ்ந்தனராயினும், கண்ணீரை அத்தாட்சியாகக் கொண்டுவிடவில்லை. உணர்ச்சியின் உயரமன்று, அதன் பின்னே வரும் நடத்தையே கிருபையின் அடையாளம் என்று ஜோனதன் எட்வர்ட்ஸ் 1746இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்திய நியூ இங்கிலாந்து மரபில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே உணர்வடைந்தோரை மாதக்கணக்காக விசாரித்து, அவர்கள் பேச்சையும் படிப்பையும் வீட்டிலே நடந்துகொள்ளும் முறையையும் நோக்கி, 1825 ஜனவரியில் சண்டிலிப்பாயிலே 41 பேரைச் சபையிற் சேர்த்தனர். சபையாரின் முன்னே நின்று தன் அனுபவத்தைச் சொல்லி அவர்கள் கேள்விக்கு உட்படும் இவ்வழக்கமே, இன்றுவரை ஜெபக்கூட்டங்களில் நிலவும் சாட்சி கூறுதலின் மூலமாகும். கேள்வி கேட்கும் பகுதி காலப்போக்கில் மறைந்து, கூறும் பகுதி மாத்திரம் எஞ்சியது பெருநட்டம்.

பஞ்சாங்கத்தைப் பற்றிய விவாதமும் இக்காலத்ததே. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிற் பூவர் வானசாஸ்திரம் கற்பித்தார். 1829இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் குறித்து அவ்வூர்ப் பஞ்சாங்க கணிதர் கூறிய நேரத்துக்கும் செமினரியின் கணிப்புக்கும் வேற்றுமை உண்டாக, ஊரார் கூடி நின்று பார்த்தபோது செமினரியின் கணிப்பே மெய்யாயிற்று. மிஷனெறிமார் இதனைச் சமய வெற்றியாகவே எண்ணினர். தமிழரின் கணித மரபுக்கு அவர்கள் உரிய மதிப்பை அளித்தார்களோ என்பது வேறு கேள்வி. நம் விஷயத்தைப் பொறுத்தவரை விளைவு யாதெனில், நல்ல நாள் பார்த்தலைக் கைவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்களில் அதனிடத்தைக் குடும்ப ஜெபம் பெற்றது. காலையிலும் மாலையிலும் கீர்த்தனம் பாடி, வேதபாகத்தை ஒழுங்காக வாசித்து, அன்றைய காரியங்களை வீட்டார் அனைவரும் கேட்க ஆண்டவரிடம் சொல்லும் பழக்கம், முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சாத்திரியாரின் ஓலையிலிருந்து வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் தங்கள் தந்தை எதைப்பற்றிக் கலங்குகிறார் என்பதை அறிந்துகொண்ட இடமும் அதுவே.

ஆயினும் அடையாளம் தேடும் மனம் எளிதில் அடங்குவதன்று. வேதத்தை எழுந்தமானமாகத் திறந்து விரல் பட்ட வசனத்தைக் கட்டளையாகக் கொள்ளுதலும், ஆண்டுப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுத்து அவ்வருடத்துக்குரிய வார்த்தையாகப் பேணுதலும் பரவின. இவற்றுக்கு மேல்நாட்டில் முன்மாதிரிகள் உண்டு: மொறேவிய சபையார் 1731 முதலாக நாளுக்கொரு வசனமாக அச்சிட்டு வழங்கினர், ஜெர்மனியிற் பொகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட தினவாசிப்பு நூல் பல தேசங்களில் வழங்கியது. வாக்குத்தத்த அட்டையை இகழ்வது என் கருத்தன்று. மகனை இழந்த தாயொருத்தி ஒரு வசனத்தைப் பற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் தாங்கி நிற்பதைக் கண்டவர் அதனை இகழார். ஆறுதலுக்கு அது போதும்; விவாகத்தையோ காணி விற்பனையையோ அதனைக்கொண்டு தீர்மானித்தல் ஆகாது. சபையின் மூப்பர் பலர் இதனை உணர்ந்து, வசனம் கிடைத்தது என்று வருவோரிடம் அவ்வதிகாரம் முழுவதையும் வாசித்தாயா என்று கேட்பது வழக்கம். கத்தோலிக்கரிடையே நேர்த்திக்கடனும் நவநாளும் மடுமாதா யாத்திரையும் இதற்கு ஒப்பான இடத்தைப் பெற்றன. அங்கேயும் நல்ல சுவாமிமார், நேர்த்தி வைப்பதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து மனத்தைத் தெளிவித்துக்கொள்ளும்படியே போதித்தனர்.

சபை கூடி ஆராய்ந்த நடத்துதல் தொலைதூரம் சென்று பலனளித்தமைக்கு உதாரணம் ஒன்று கூறலாம். 1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர், தாங்கள் அந்நியரிடமிருந்து பெற்றதைத் தாங்களும் அந்நியருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று உணர்ந்து, மாணவர் மிஷன் சங்கமொன்றை அமைத்து, தம் சொந்தப் பணத்தால் இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். 1902இல் இங்கே வந்த வேதநாயகம் அசரியா, தமிழர் தாமே கடல் கடந்து மிஷனெறிகளை அனுப்புவதைக் கண்டு உள்ளம் குத்தப்பட்டவராய், தம் ஊருக்குத் திரும்பி 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெறிச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகவும் ஆனார். யாழ்ப்பாணத்து மாணவருக்குத் தங்கள் சிறு காணிக்கை யாருடைய கண்ணைத் திறக்கும் என்பது தெரிந்திராது.

சபையின் விசாரணை எப்பொழுதும் நேர்மையாயிருந்தது என்று கூறுதல் உண்மையாகாது. குடாநாட்டில் எந்தக் கேள்வி ஜெபத்தில் வைக்கப்பட்டதோ அதனினும், எந்தக் கேள்வி ஒருபோதும் வைக்கப்படவில்லையோ அதுவே வாழ்க்கையை அதிகம் ஆண்டது. விவாகத்திற்காக உபவாசித்து ஜெபித்த குடும்பங்கள் பல, சாதியையும் சீதனத்தையும் ஜெபத்துக்கு முன்னரே தீர்மானித்து வைத்திருந்தன. ஆலயத்தில் இருக்கை வேற்றுமை காட்டிய சபைகளும் இருந்தன. கூட்டத்தார் அனைவரும் ஒருமித்து ஒப்புக்கொண்டதனால் மாத்திரம் ஒரு காரியம் தேவசித்தமாகிவிடாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை. இச்சூழலிலேதான் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் சுவாமியார் 1928இல் தோலகட்டியிற் செபமாலைத் தாசர் என்னும் தியானத் துறவிகளின் சபையைத் தொடங்கி, சாதி வேற்றுமையின்றிச் சகோதரர்கள் ஒரே கூரையின்கீழ் மௌனத்திலும் உடலுழைப்பிலும் வாழும்படி செய்தார். அமைதியாக ஜெபிக்க ஒதுங்கிய ஒரு வாழ்க்கை ஊராரின் வழமையைக் கேள்விக்குட்படுத்தியது. சபை கண்திறவாதபோது கடவுள் தனியொருவரைக் கொண்டு சபையை நடத்துவார் என்பதற்கு, அவருடைய வாழ்வைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டை நான் இந்நாட்டிற் காணேன்.

அவருடைய தலைமுறைக்கு மூத்தவரான நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் இங்கே நினைக்கத்தக்கவர். 1875இல் மானிப்பாயிற் பிறந்து, புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர், அவ்வுத்தியோகத்தைத் துறந்து குருமடம் புகுந்து, 1901இற் குருப்பட்டம் பெற்று, 1947இல் மறையும்வரை நல்லூரைச் சார்ந்து உழைத்தார். அரசாங்க உத்தியோகமே பிறவிப்பயன் என்று கருதிய சமுதாயத்தில் அத்துறவு எளிதன்று. ஆனால் அவருடைய மொழியாராய்ச்சியும் சரித்திர ஆராய்ச்சியும் குருத்துவத்தோடு பிரியாது வளர்ந்தமை, அழைத்தல் என்பது மனிதனுடைய இயல்பான திறமைகளை அழிப்பதன்று என்பதற்குச் சான்றாகும். சீர்திருத்த சபையில், 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாணத்து முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபையைப் பற்றிய கோட்பாட்டை ஒப்புநோக்கி 1964இல் வெளியிட்ட ஆங்கில நூல், இம்மண்ணின் திருவருட் சிந்தனையை மதித்தே தன் நம்பிக்கையை விளக்கிற்று. 1939இல் சேவக் செல்வரத்தினம் தொடங்கிய மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவா ஆச்சிரமம், மௌன தியானத்தையும் எளிய வாழ்வையும் கிராமப்பணியையும் இணைத்து, முடிவெடுக்க முடியாது தவிப்போர் சிலநாள் தங்கி மனந்தெளிந்து செல்லும் இடமாயிற்று. பெந்தெகொஸ்தே சபைகளின் வருகையோடு தரிசனமும் தீர்க்கதரிசன வார்த்தையும் மீண்டும் முதலிடம் பெற்றன. அவற்றின் உற்சாகத்தைப் பழைய சபைகள் அலட்சியம் செய்தது தவறு, அவ்வார்த்தைகளைச் சோதியாது ஏற்றுக்கொள்வதும் தவறே.

யுத்தம் இம்மரபு முழுவதையும் நெருப்பில் இட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடிழந்தபோது, தோலகட்டி ஆச்சிரமமும் அவர்களோடு இடம்பெயர்ந்தது. 1995 ஜூலை 9ஆம் நாள், இராணுவ முன்னேற்றத்துக்கு அஞ்சி நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அதன் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்திருந்தோர்மேல் விமானக் குண்டுகள் விழ, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் தேவாலயத்தை நாடியது தவறான நடத்துதலாலா என்று கேட்பவன், நடத்துதலை உயிர்தப்பும் சூத்திரமாக எண்ணியவன். ஜெபித்துச் சென்றோரும் மாண்டனர். ஜெபியாது சென்றோரும் பிழைத்தனர். தப்பியவர் தம் சாட்சியில் ஆண்டவர் என்னைக் காத்தார் என்று சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவள் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதை நினைந்து சொல்லவேண்டியவரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, போவதா இருப்பதா என்று தனித்தனியே விசாரிக்க எவருக்கும் அவகாசமிருக்கவில்லை. குருமாரும் போதகர்களும் அன்று கற்பித்த நடத்துதல் மிகச் சுருக்கமானது: முதியவரைத் தூக்கு, கையிலுள்ள தண்ணீரைப் பகிர், மக்களை விட்டுப் பிரியாதே. பலர் அதனையே செய்தனர்.

இப்போது குடாநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபத்துக்கு வரும் முதற் கேள்வி பெரும்பாலும் வெளிநாடு போவதைப் பற்றியதே. விசா கிடைத்தால் கதவு திறந்தது என்றும், மறுக்கப்பட்டால் கதவு மூடியது என்றும் கொள்ளுதல் பரவலாகியிருக்கிறது. தனித்து விடப்படும் பெற்றோரையும், ஆசிரியரின்றித் தவிக்கும் ஊர்ப் பாடசாலையையும் அக்கணக்கிற் சேர்ப்பவர் சிலரே. கொழும்புத்துறைக் குருமடத்திலும், பிலிமத்தலாவை இறையியற் கல்லூரியிலும் ஊழியத்துக்குப் பயில வருவோர் இன்றும் பல ஆண்டுகள் காத்திருந்து, பங்கின் அல்லது சபையின் பரிந்துரையைப் பெற்று, தம்மை அறிந்தோரின் கேள்விகளுக்கு விடைகூறிய பின்னரே அனுப்பப்படுகின்றனர். குருவாகப் போகிறவனிடம் மாத்திரமன்றி, கனடாவுக்கோ இலண்டனுக்கோ போகிறவனிடமும் அக்கேள்விகளை அன்போடு கேட்கும் சபைகள் குடாநாட்டில் இன்னும் சில உண்டு.